பலியிடப்பட்டன என்றொரு வினைச்சொல்
விலங்குச் சோதனைக்கு மாற்றுகள் அச்சேறிய வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஆங்கில உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளில் ‘முறைகள்’ என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே வந்து சேருகிற எலி, முயல், நாய் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே வினைச்சொல்லில்தான் முடிவு: பலியிடப்பட்டன. கொல்லப்பட்டன என்று எழுதுவது குறைவு. எழுவாய் இல்லாத செயப்பாட்டு வினை. யார் பலியிட்டார், எந்தத் தெய்வத்துக்கு என்று கேட்க அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. மைக்கேல் லிஞ்ச் என்ற சமூகவியலாளர் 1988இல் இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். உயிருள்ள ஒரு விலங்கு தரவாகவும் வரைபடமாகவும் அட்டவணையாகவும் உருமாற ஒரு சடங்கு வேண்டியிருக்கிறது, அந்தச் சடங்கின் பெயரை விஞ்ஞானிகள் தெரிந்தோ தெரியாமலோ சரியாகவே சொல்லிவிடுகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

நான் தமிழ் படித்தவன். எலியின் கல்லீரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் ஒரு பிரதிக்குள் எழுவாய் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று தேடுவது என் வேலை. விலங்கைக் கொல்லாமலும் இதைச் செய்யலாம் என்று சொன்ன ஆய்வுகள் எப்படி அச்சேறின, எங்கே அச்சேறின, அச்சேறிய பிறகும் ஏன் கேட்பாரற்றுக் கிடந்தன, அவற்றை அறிவு என்று ஏற்கவும் மறுக்கவும் யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதுதான் இங்கே என் அக்கறை.

இந்தப் பேச்சை எடுத்ததுமே நம் வட்டத்தில் ஒரு முகச்சுளிப்பு வரும். ‘மனுசனையே மனுசனா மதிக்காத ஊர்ல எலிக்கு வக்காலத்தா?’ என்று கேட்பார்கள். லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. இந்த மண்ணில் உயிர் இரக்கம் பேசிய குரல்களில் பல, எந்தச் சாதியின் அடுக்களையிலிருந்து வந்தன என்பது நமக்குத் தெரியும். 1950இல் இயற்றிய உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003 ஆகஸ்டில் தமிழக அரசு திடீரென்று தூசு தட்டி எடுத்தது. சுடலைமாடனுக்கும் முனியாண்டிக்கும் கிடா வெட்டுகிறவன் குற்றவாளியானான். எதிர்ப்பு கிளம்பியது. 2004 பிப்ரவரியில் அந்தச் சட்டமே ரத்தாயிற்று. அந்த ஆறு மாதமும் இதே மாநிலத்தின் மருத்துவக் கல்லூரிகளில் விலங்குகள் சோதனை மேசைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. அங்கே அதற்குப் பலி என்று பெயர் வைத்தால் அறிவியல், கோயில் வாசலில் வைத்தால் காட்டுமிராண்டித்தனம். பலி என்ற சொல்லின் மீது யாருக்கு உரிமை என்பதுதான் அன்றைய சண்டையின் அடியில் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே ஜீவகாருண்யக்காரர்களின் கையில் இந்த விஷயத்தை விட்டுவிட்டு நாம் ஒதுங்கிப் போவது சரியில்லை. அவர்கள் பேசுவது புலாலைப் பற்றி. நான் பேச வருவது நிறுவனத்தைப் பற்றி.

*

1959இல் லண்டனில் மெத்யூன் பதிப்பகம் ஒரு நூலை வெளியிட்டது. மனிதநேயமான சோதனை நுட்பத்தின் கோட்பாடுகள் என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர்கள் இருவர். வில்லியம் ரஸ்ஸல் விலங்கியலாளர், செவ்வியல் இலக்கியமும் படித்தவர். ரெக்ஸ் பர்ச் நுண்ணுயிரியலாளர். விலங்கு நலனுக்கான பல்கலைக்கழகக் கூட்டமைப்பு என்ற அமைப்பை நடத்திவந்த சார்லஸ் ஹியூம் 1954இல் இவர்களை இந்த வேலைக்கு அமர்த்தினார். பர்ச் ஆய்வகம் ஆய்வகமாகப் போய்ப் பார்த்துப் பேசித் தகவல் திரட்டினார். எழுத்துப்பணியின் பெரும்பகுதி ரஸ்ஸலுடையது. மூன்று சொற்களை அவர்கள் முன்வைத்தார்கள்: மாற்றீடு, குறைப்பு, நயமாக்கம். உணர்வுள்ள விலங்குக்குப் பதில் உணர்வில்லாத பொருளை வைப்பது முதலாவது. அதே தகவலைக் குறைவான விலங்குகளைக் கொண்டு பெறுவது இரண்டாவது. பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் வலியைக் குறைப்பது மூன்றாவது. இன்று உலகம் முழுக்க ஆய்வகச் சட்டங்கள் பேசும் ‘மூன்று ஆர்’ என்ற மந்திரத்தின் மூலம் இதுதான்.

(அதே 1959 ஜனவரியில்தான் சென்னையில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். சும்மா சொல்லிவைக்கிறேன். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, கொஞ்சம் பேர்தான் படித்தார்கள் என்பதைத் தவிர.)

அந்த நூலில் இரக்கம் பற்றிய புலம்பல் கிடையாது. அதன் மையத்தில் இருப்பது மாதிரி பற்றிய ஒரு கோட்பாட்டு விவாதம், கிட்டத்தட்ட நம்முடைய பிரதிபலிப்புக் கோட்பாட்டு விவாதம் மாதிரியே. மனிதனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மனிதனுக்கு மிகவும் நெருக்கமான உயிரியைச் சோதிக்க வேண்டும் என்று பொதுப்புத்தி சொல்கிறது. பாலூட்டி நமக்கு நெருக்கம், ஆகவே பாலூட்டியைச் சோதி. இது ஒரு போலித் தர்க்கம் என்கிறார்கள் இருவரும். ஒரு மாதிரி முழுமையாக ஒத்திருப்பது வேறு, குறிப்பிட்ட ஒரு பண்பைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுவது வேறு. ஒரு திரவம் அமிலமா என்று அறிய லிட்மஸ் தாள் போதும், அதற்கு நாக்கு வேண்டியதில்லை. யதார்த்தவாதத்தை நம்பிக்கொண்டிருந்த ஒரு துறைக்குள் வந்து குறியீட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. கடைசிப் பகுதியில் சோதனையாளரின் ஆளுமைக்கே போய்விடுகிறார்கள். அடோர்னோவும் கூட்டாளிகளும் 1950இல் வெளியிட்ட அதிகாரத்துவ ஆளுமை ஆய்வை நினைவூட்டுகிற பேச்சு அது. விலங்கியலாளர் எழுதிய நூலில் இதை யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

நூல் வந்தது, போனது. பத்துப் பதினைந்து வருஷம் பெரிதாக யாரும் சீந்தவில்லை. கண்டித்திருந்தாலாவது பரவாயில்லை. ரஸ்ஸல் வேறு துறைகளுக்குப் போய்விட்டார். பர்ச் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஷெரிங்ஹாம் என்ற சின்ன ஊரில் ஒதுங்கினார். 1992இல் நூல் மறுபதிப்பு கண்டது. 1995இல் அந்த ஷெரிங்ஹாமிலேயே மூன்று ஆர் பற்றி ஒரு பட்டறை நடத்தி இருவரையும் உட்கார வைத்தார்கள். அடுத்த வருஷம் பர்ச் இறந்துபோனார்.

ஏன் சீந்தவில்லை? விஞ்ஞானிகள் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது வரலாறு ஆகாது. விலங்குச் சோதனையைச் சட்டம் கட்டாயமாக்கியதற்குப் பின்னால் மனித உடல்கள் கிடக்கின்றன. 1930களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் பெண்களின் பார்வையைப் பறித்தது. 1937இல் சல்ஃபனிலமைடு மருந்தை நச்சுக் கரைப்பானில் கலந்து விற்றதால் நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பலர் குழந்தைகள். அடுத்த வருஷமே மருந்துகளை முன்கூட்டிச் சோதிக்கச் சொல்லும் சட்டம் வந்தது. 1944இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் ஜான் ட்ரெய்ஸ் முயல்கண் சோதனையை எழுதி வெளியிட்டார். ஒரு கண்ணில் பொருளைப் போடுவது, இன்னொரு கண்ணைச் சும்மா விட்டுவைப்பது. சிவப்பு, வீக்கம், விழிவெண்படலக் கலங்கல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவது. மொத்தம் 110.

அப்புறம் நியூரம்பர்க். 1933இல் கோயரிங் வானொலியில் தோன்றி, விலங்குகளை உயிரோடு அறுப்பவர்களை வதைமுகாமுக்கு அனுப்புவேன் என்றார். அதே ஆட்சி வதைமுகாமில் மனிதர்களை அறுத்தது. ஆகவே 1947இல் வந்த நியூரம்பர்க் விதிகளில் மூன்றாவது விதி, மனிதர் மீதான சோதனைக்கு விலங்குச் சோதனையின் முடிவுகள் அடிப்படையாக இருக்க வேண்டும் என்றது. விலங்குதான் மனிதனுக்கு முன்னால் நிறுத்தப்பட்ட கவசம். இதைப் புரிந்துகொள்ளாமல் மாற்று பேசுகிறவர்கள் காற்றில் கத்தி சுற்றுகிறார்கள். 1959இன் நூல் எதிர்கொண்டது வெறும் பழக்கத்தை மட்டுமல்ல, 12 வருஷத்துக்கு முன்புதான் எழுதப்பட்ட ஓர் அறத்தையும்தான்.

*

1969இல் டோரதி ஹெகர்ட்டி என்ற பெண்மணி லண்டனில் ஃப்ரேம் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். மருத்துவச் சோதனைகளில் விலங்குகளுக்கு மாற்று காண்பதற்கான நிதியம் என்பதன் சுருக்கம் அது. சோதனைக்கு எதிராக ஊர்வலம் போகிற சங்கங்கள் இங்கிலாந்தில் விக்டோரியா காலத்திலிருந்தே உண்டு. இவர் செய்தது வேறு. 1973இல் ‘ஆட்லா’ என்ற இதழ் வந்தது. அதில் முதலில் சொந்தக் கட்டுரைகள் இல்லை, சுருக்கக் குறிப்புகள் மட்டும்தான். உலக மருத்துவ இதழ்களையெல்லாம் அலசி, எங்கெல்லாம் விலங்கு இல்லாமல் காரியம் நடந்திருக்கிறதோ அதையெல்லாம் எடுத்துத் தொகுத்துப் போட்டார்கள்.

நூலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும். உயிரணு வளர்ப்பில் வேலை செய்த ஒருவர் 1965இல் ஒரு கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை அவர் வைரஸ் ஆராய்ச்சி என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார். இது நூறு குரங்குகளுக்கு மாற்று என்று அவருக்கே தோன்றியிருக்காது. மாற்று என்ற தலைப்பு அட்டவணையில் இல்லாததால் அந்த அறிவும் இல்லாததாகவே இருந்தது. தேடுகிறவனுக்குச் சொல் வேண்டும். ஆட்லா செய்த வேலை ஓர் ஆவணக்காப்பகத்தைப் பெயரிட்டு உண்டாக்கியது. சிதறிக் கிடந்தவற்றை ஒரு பெயரின் கீழ் அடுக்கியதும் அதுவரை இல்லாத ஒரு துறை பிறந்துவிட்டது. ஃபூக்கோவை வைத்துக்கொண்டு நாம் பத்துப் பக்கம் எழுதுவதை அங்கே பசையும் கத்தரிக்கோலுமாகச் செய்து முடித்துவிட்டார்கள். 1980களில் அது முழுமையான ஆய்விதழாயிற்று. 1984இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஜெர்மன் மொழியில் ‘ஆல்டெக்ஸ்’ வந்தது, பின்னாளில் ஆங்கிலத்துக்கு மாறியது. இன்று அதைக் காசில்லாமல் யாரும் படிக்கலாம். ஆட்லா 2020 முதல் சேஜ் என்ற பெரிய பதிப்பு நிறுவனத்திடம் இருக்கிறது. சிறுபத்திரிகை வளர்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?

மாற்று என்றால் என்ன என்று வரையறுத்தது யார் என்பதும் ஒரு வேடிக்கை. 1978இல் டேவிட் ஸ்மித் என்ற உடலியக்கவியலாளர் மாற்றுகள் பற்றி ஒரு நூல் எழுதினார். மாற்றீடு, குறைப்பு, வலிக்குறைப்பு மூன்றையும் ஒரே ‘மாற்று’ என்ற குடையின் கீழ் கொண்டுவந்த வரையறை அவருடையது. அவர் விலங்குச் சோதனையை ஆதரிப்பதற்கென்றே இங்கிலாந்தில் இயங்கிய சங்கத்தின் முக்கியப் பொறுப்பில் இருந்தவர். வலிமருந்து கொடுத்துவிட்டு அறுப்பதும் இனி மாற்றுதான். எதிராளி உன் சொல்லை எடுத்து உனக்கே வரையறுத்துத் தருகிறான். கிராம்சி படித்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

இப்போது ஒரு கட்டுரையின் கதை. முயல்கண் சோதனையின் மதிப்பெண்கள் எவ்வளவு நம்பகமானவை என்று வைல், ஸ்கலா என்ற இருவர் பார்த்தார்கள். ஒரே பொருள்களை இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பி ஒரே சோதனையைச் செய்யச் சொன்னார்கள். ஓர் இடத்தில் கடுமையான எரிச்சலூட்டி என்று வந்தது இன்னோர் இடத்தில் ஒன்றும் செய்யாதது என்று வந்தது. இந்தச் சோதனையை இனிப் புதிய விதிகளில் தரமுறையாகச் சேர்க்க வேண்டாம் என்று முடித்தார்கள். வெளியான ஆண்டு 1971. வெளியான இடம் நச்சியல் துறையின் மதிப்புள்ள ஓர் இதழ். எழுதியவர்கள் தொழில்துறைக்குள்ளேயே இருந்தவர்கள், விலங்குநலக்காரர்கள் அல்ல. அறிவியலின் விதிகளின்படி நடக்க வேண்டிய எல்லாம் நடந்தது. விளைவு? முயல்களின் கண்ணில் சோப்பு ஊற்றுவது அப்படியே தொடர்ந்தது.

1980 ஏப்ரல் 15ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம். அழகுக்காக ரெவ்லான் எத்தனை முயல்களைக் குருடாக்குகிறது என்று கேட்டது அது. பின்னால் இருந்தவர் ஹென்றி ஸ்பைரா. கப்பல் தொழிலாளியாக இருந்தவர், தொழிற்சங்கச் சண்டைக்காரர், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் எழுதியவர், பிறகு பள்ளி ஆசிரியர். அந்த வருஷம் முடிவதற்குள் ரெவ்லான் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு மாற்று தேட ஏழரை லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. 1981இல் அழகுசாதன நிறுவனங்களின் சங்கம் தந்த பத்து லட்சம் டாலரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்றுகளுக்கான மையம் உருவானது. ஆய்விதழில் ஒன்பது வருஷம் கிடந்த உண்மை செய்தித்தாளில் ஒன்பது மாதத்தில் நகர்ந்தது. களப்பணியாளர்கள் இதைக் கேட்டுக் கைதட்டலாம். ஆனால் வைல், ஸ்கலா கட்டுரை இல்லாமலிருந்தால் ரெவ்லானின் விஞ்ஞானிகள் அந்த விளம்பரத்தை உணர்ச்சிக் கூச்சல் என்று ஒதுக்கியிருப்பார்கள். இரண்டும் வேண்டியிருந்தது.

*

மாற்றுமுறைகள் தயாரான பிறகு வந்த சிக்கல் இன்னும் சுவாரசியமானது. ஐரோப்பிய ஆணையமும் பிரிட்டிஷ் உள்துறையும் சேர்ந்து 9 மாற்றுமுறைகளை 60 பொருள்கள் மீது சோதித்து முடிவை 1995இல் வெளியிட்டன. முயல்கண்ணின் இடத்தை எடுத்துக்கொள்ளும் தகுதி அவற்றில் ஒன்றுக்கும் இல்லை என்று முடிவு வந்தது. ஏன்? மாற்றுமுறையின் விடையைச் சரிபார்க்க வைத்திருந்த அளவுகோல் பழைய முயல்கண் மதிப்பெண்கள். எது நிலையற்றது என்று 1971இலேயே நிரூபணமானதோ அதுவே சரியான விடை. தேர்வுத்தாளைத் திருத்துகிறவர் வாரம் ஒரு மாதிரி மதிப்பெண் போடுகிறவராக இருந்தால் எந்த மாணவன் தேறுவான்? பழைய அறிவுமுறை தன்னைத் தவிர வேறெதையும் உண்மை என்று ஒத்துக்கொள்ளாது, தன் பிழைகள் உட்பட. இதைத் தத்துவப் பேச்சாக இல்லாமல் அட்டவணையாகவே போட்டுக் காட்டியதால்தான் அந்தத் தோல்வி அறிக்கை முக்கியமான ஆவணம். அதை மறைக்காமல் வெளியிட்டவர்களில் முதன்மையானவர் மைக்கேல் பால்ஸ், மாற்றுகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர், ஆட்லாவின் ஆசிரியராகவும் நெடுங்காலம் இருந்தவர்.

எல்டி 50 என்றழைக்கப்படும் சோதனையின் கதையும் இதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். கொடுத்த விலங்குகளில் பாதி சாகிற அளவு எது என்று பார்ப்பது. 1927இல் ட்ரெவன் இதை உருவாக்கியது இன்சுலின், டிஜிட்டாலிஸ் மாதிரி மருந்துகளின் வீரியத்தை ஒரே அளவாக்குவதற்கு. பிறகு சோப்புத்தூள் முதல் எல்லாவற்றுக்கும் கட்டாயமாயிற்று. சுவிஸ் நச்சியலாளர் கெர்ஹார்ட் ஸ்பிண்டன் 1981இல் இன்னொருவரோடு சேர்ந்து அதைக் கிழித்துத் தொங்கவிட்டு எழுதினார். ஓஇசிடி நாடுகள் அந்த வழிகாட்டு நெறியை நீக்கியபோது 2002 முடிந்துகொண்டிருந்தது. இருபத்தொரு வருஷம்.

சரி, மாற்று என்கிறோமே, எதை வைத்து மாற்று? இங்கேதான் எனக்கு இந்த வரலாற்றை எழுதியவர்கள் மீதே கொஞ்சம் கோபம் வருகிறது. 1951இல் பால்டிமோர் நகரில், அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற ஏழைக் கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுத் திசுவை அவரைக் கேட்காமலே எடுத்தார்கள். அவர் 31 வயதில் செத்துப்போனார், உயிரணுக்கள் சாகவில்லை. ஹீலா என்று பெயரிட்டு வளர்த்தார்கள். 1950களின் நடுவில் போலியோ தடுப்பூசியின் மாபெரும் களச்சோதனையில் குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதிக்க அதுவரை நம்பியிருந்தது குரங்குகளை. குரங்குக்கு விலை அதிகம். (அந்தக் காலத்தில் அமெரிக்க ஆய்வகங்களுக்குக் குரங்குகள் பெருவாரியாகக் கப்பலேறியதும் விமானமேறியதும் இந்தியாவிலிருந்துதான். 1978இல்தான் அந்த ஏற்றுமதி நின்றது.) குரங்கின் இடத்தில் ஹீலாவை வைத்தார்கள். அவற்றைப் பெருவாரியாக வளர்த்து அனுப்பும் கூடம் டஸ்கிகீ என்ற கறுப்பினக் கல்வி நிறுவனத்தில் இயங்கியது. அதே டஸ்கிகீயில் அதே சமயம் அமெரிக்க அரசு, கறுப்பின ஆண்களுக்கு மேகநோய்ச் சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ரஸ்ஸலும் பர்ச்சும் மாற்றீடு என்ற சொல்லை அச்சிடுவதற்கு முன்பே மாற்றீடு பெரிய அளவில் நடந்துவிட்டது. குரங்கின் இடத்தில் வந்தது பெயர் அழிக்கப்பட்ட ஒரு பெண். ஹெலன் லேன் என்று ஒரு பொய்ப்பெயர் நெடுங்காலம் புழங்கியது. அந்த உயிரணுக்களை விற்றுச் சம்பாதித்த நிறுவனம் ஒன்றுடன் அவர் குடும்பத்துக்கு உடன்பாடு ஏற்பட 2023 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘மனுசனையே மதிக்காத ஊர்ல’ என்று கேட்கிற தோழர்கள் கேள்வியை இந்த இடத்தில் வைத்துக் கேட்டால் அது கூர்மைப்படும்.

உயிரணு வளர்ப்புக்கு ஊட்டமாக ஊற்றுவது பெரும்பாலும் கன்றுக்கருவின் ரத்தநீர். சினைமாட்டை அறுக்கும்போது வயிற்றில் கிடக்கிற கருவிலிருந்து எடுப்பது. இதைக் கேள்வி கேட்டு 2002இல் ஆட்லாவிலேயே கட்டுரை வந்தது. 2009இல் முயல்கண்ணுக்குப் பகுதி மாற்றாக ஓஇசிடி ஏற்றவற்றில் ஒன்று, கசாப்புக் கூடத்தில் கிடைக்கும் மாட்டுக்கண்ணின் விழிவெண்படலம். இன்னொன்று கோழிக்கண். உணவுக்காக அறுத்த மாட்டின் கண், முயல்களைக் காப்பாற்றுகிறது. மாட்டிறைச்சியின் பேரால் ஆள் அடித்துக் கொல்லப்படுகிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கும்போது, மாற்று அறிவியலும் சைவ அரசியலும் ஒரே பாதையில் போகின்றன என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு தப்பு என்று தெரிகிறது.

*

ஆய்விதழ்களின் வாசலுக்கு வருவோம். பிரிட்டன், அமெரிக்கப் பொதுநிதியில் நடந்த விலங்கு ஆய்வுகள் பற்றிய 271 கட்டுரைகளை 2009இல் ஒரு குழு எடுத்துப் படித்தது. விலங்குகளை எப்படிக் குழு பிரித்தோம், குலுக்கல் முறையில் பிரித்தோமா என்று 87 சதவீதம் சொல்லவேயில்லை. எது எந்தக் குழு என்று அறியாமல் அளந்தோமா என்பதை 86 சதவீதம் சொல்லவில்லை. கருதுகோள், விலங்குகளின் எண்ணிக்கை, தன்மை மூன்றையும் சொன்னவை 59 சதவீதம். அடுத்த வருஷம் எழுதுமுறைக்கான நெறிகள் வந்தன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் மருத்துவ மையத்தில் அனுமதி பெற்ற சில திட்டங்களைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். பயன்படுத்தியவை 5,590 விலங்குகள், அச்சில் கணக்கு வந்தவை 1,471. மற்றவற்றுக்குப் பலியிடப்பட்டன என்ற அந்த எழுவாயில்லா வாக்கியம்கூட எழுதப்படவில்லை. எதிர்பார்த்த விடை வராவிட்டால் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லாவிட்டால் இன்னொருவன் அதையே திரும்பச் செய்வான்.

விலங்கில்லாமல் செய்தவர்களின் பாடு வேறு. 90 ஆய்வாளர்களிடம் நடத்தி 2020களின் தொடக்கத்தில் வெளியான ஒரு கணக்கெடுப்பில் 44 பேர், விலங்கே இல்லாத தங்கள் ஆய்வில் விலங்குத் தரவைச் சேர்க்கும்படி மதிப்பீட்டாளர்கள் கேட்டதாகச் சொன்னார்கள். மதிப்பீட்டாளர் எப்படியும் கேட்பார் என்பதற்காகவே முன்கூட்டி விலங்குச் சோதனை செய்துவைத்ததாகவும் சிலர் ஒத்துக்கொண்டார்கள். சின்னக் கணக்கெடுப்புதான், தாமாக முன்வந்தவர்கள் பதில் சொன்னது, இதை வைத்து உலகத்தையே அளந்துவிட முடியாது. ஆனால் முயல்கண்ணை அளவுகோலாக வைத்த அதே மனம் இங்கே மதிப்பீட்டாளரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. மேற்கோள் காட்டாவிட்டால் இலக்கியக் கட்டுரை ஆகாது என்று நம் துறைகளில் சொல்வார்களே, அங்கே எலி மேற்கோள்.

நம் நாட்டுக்கு இதில் என்ன இடம்? 1950களின் தொடக்கத்தில் மாநிலங்களவையில் விலங்குவதைத் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். 1960இல் அரசு தானே கொண்டுவந்து சட்டமாக்கியது. 1962இல் விலங்குநல வாரியம் அவர் தலைமையில் சென்னையில் அமைந்தது. அந்தச் சட்டத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். மாட்டை அடித்து ஓட்டுகிற வண்டிக்காரனுக்கு முதல் முறை பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம் உண்டு. பதினாலாவது பிரிவு, அறிவுக்காகவும் நோய்தீர்க்கவும் செய்யும் சோதனை எதுவும் இச்சட்டப்படி குற்றமாகாது என்கிறது. பதினேழாவது பிரிவு மட்டும், புத்தகம், மாதிரி, திரைப்படம் போதுமென்றால் கல்லூரிகளில் சோதனையைத் தவிர்க்கலாம் என்கிறது. 1960இல் இதை எழுதியிருக்கிறார்கள். நான் படித்த கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் விலங்கியல். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் சாக்கில் தவளைகளோடு ஓர் ஆள் வருவார், எண்ணித் தந்துவிட்டுக் காசு வாங்கிப் போவார். பல்கலைக்கழக மானியக் குழு இந்த அறுவைகளைப் படிப்படியாகக் கைவிடச் சொல்லி வழிகாட்டு நெறி தந்தது 2011இல். சட்டத்தின் ஒரு துணைவிதி கல்லூரிக்கு நடந்து வர ஐம்பது வருஷம்.

ஆனால் இங்கே மாற்றீடு என்பது மனிதர்களின் உயிர்ப்பிரச்சினையாக இருந்த ஒரு கதை உண்டு, யாரும் அதை இந்த வரலாற்றில் சேர்த்துச் சொல்வதில்லை. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி. கசௌலியில் செம்பிள் 1911இல் உருவாக்கிய மருந்து அது. ஆட்டுக்கு வெறிநோய்க் கிருமியை ஏற்றி, நோய் முற்றியதும் அதன் மூளையை எடுத்துத் தயாரிப்பது. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் பல பத்தாண்டுகள் இந்த வகை மருந்தைத் தயாரித்தது. மூளைத்திசு கலந்த மருந்தானதால் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குப் பக்கவாதம் வந்தது, சிலர் இறந்தார்கள். உயிரணு வளர்ப்பில் செய்த பாதுகாப்பான தடுப்பூசி உலகத்தில் எப்போதோ வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1980களிலிருந்தே மூளைத்திசு ஊசியை நிறுத்தச் சொன்னது. இங்கே காசிருந்தவர்கள் தனியார் மருத்துவமனையில் புது ஊசி போட்டுக்கொண்டார்கள். அரசு மருத்துவமனை வரிசையில் நின்றவர்களுக்கு ஆட்டு மூளைதான். அதன் உற்பத்தி இந்தியாவில் நின்றது 2004 டிசம்பரில். மாற்று பற்றிய அறிவு அச்சில் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது, குன்னூரின் நூலகத்திலும் இருந்திருக்கும். வரிசையில் நின்ற கூலிக்காரரின் தொப்புளுக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் இருபது வருஷம். ஆட்டின் பக்கம் நிற்பதா மனிதனின் பக்கம் நிற்பதா என்ற கேள்விக்கு இங்கே அர்த்தமே இல்லை. இரண்டும் ஒரே பக்கம் கிடந்தன.

2009இல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கல்வியில் விலங்குப் பயன்பாட்டுக்கு மாற்றுகளுக்கான மையம் ஒன்று தொடங்கியது. பெயர் மகாத்மா காந்தி டோரன்காம்ப் மையம். பணம் தந்த ஐரோப்பிய அறக்கட்டளையின் பெயரில் இரண்டாவது பாதி, எல்டி 50ஐக் கிழித்த அந்த ஸ்பிண்டன். 2014இல் அழகுசாதனப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையை இந்தியா தடை செய்தது. 2023 மார்ச்சில் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, உயிரணு, உறுப்புச் சில்லு, கணினி மாதிரி போன்றவற்றின் தரவையும் ஏற்கலாம் என்று வழி திறந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, 2022 டிசம்பரில், அமெரிக்கா தன் சட்டத்தில் விலங்குச் சோதனை கட்டாயம் என்றிருந்ததை மாற்றியிருந்தது. சட்டம் இரண்டு இடத்திலும் ‘செய்யலாம்’ என்கிறது, ‘செய்’ என்று சொல்லவில்லை. விலங்கில்லாத் தரவோடு திருச்சியிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ போகும் கட்டுரை எந்த இதழுக்குப் போகிறது, அங்கே அதைப் படிக்கிற மதிப்பீட்டாளர் எலி எங்கே என்று கேட்கிறாரா, கேட்டால் எழுதியவர் மறுத்துப் பேச அவருடைய பல்கலைக்கழகம் இடம் தருகிறதா, அல்லது வேலை நிரந்தரமாக வேண்டுமே என்று ஆறு எலிகளை வாங்கிவிடுகிறாரா என்பதெல்லாம் அந்த விதிகளில் இல்லை.